ஜீப் டயரும் இரண்டு நெல்மணிகளும்

"பெயர்: க. இராஜாங்கம். பதவி: ஜீப் ஓட்டுநர். அடையாளம்: இடது புருவத்தின் மேல் தழும்பு. பணி: மேலலுவலர் குறிப்பிடும் இடத்துக்குக் குறிப்பிடும் நேரத்தில் வாகனத்தைச் செலுத்துதல். நடத்தை: அமைதியானவர், கட்டளைகளைக் கேள்வியின்றி நிறைவேற்றுபவர்."

பணிப் பதிவேட்டில் உள்ள இந்த ஐந்து வரிகளில் தழும்பை நம்பலாம். நடத்தையைப் பற்றி எழுதிய அதிகாரி அந்த அலுவலகத்தில் மொத்தம் நாற்பது நாள்தான் இருந்தார். அந்த நாற்பது நாளும் ஜீப் கியர்பாக்ஸ் கழற்றப்பட்டுப் பட்டறையில் கிடந்தது. ஓட்டுநருக்குக் கட்டளையிட வேண்டிய அவசியமே வரவில்லை. வந்திருந்தால் அந்த வரி வேறு மாதிரி அமைந்திருக்கும்.

இராஜாங்கம் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர். அப்பா கண்ணுசாமி ஆயுள் முழுவதும் ஒரே பண்ணையில் ஏர் பிடித்தவர். அந்தப் பண்ணைக்கு டிராக்டர் வந்து இறங்கியபோது அதை ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் ஆள் அவர் மகன். டிராக்டர் வந்தால் கூலி வேலை போய்விடும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. இராஜாங்கம் சங்கத்திலும் உறுப்பினர். காலையில் டிராக்டர் ஓட்டுவார். மாலையில் டிராக்டர் ஒழிக என்று கோஷம் போடுவார். ஒருநாள் உழவு முடிய நேரமாகிவிட்டதால் ஊர்வலத்துக்கு டிராக்டரிலேயே போனார், முன்னால் செங்கொடியைக் கட்டிக்கொண்டு. கொடி கட்டியதற்காகப் பண்ணை அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. டிராக்டரில் வந்ததற்காகச் சங்கம் கண்டித்தது.

"ரெண்டு பேரும் சொன்னது சரிதானுங்களே" என்பார் இராஜாங்கம், பிற்காலத்தில் இதைக் கேட்டவர்களிடம். வருத்தமாகச் சொல்ல மாட்டார். இரண்டு எதிரெதிர்க் கட்சிகளும் ஒரே மனிதன் விஷயத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்கிற வியப்பு அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

பிறகு அரசாங்க வேலை கிடைத்தது. ஆட்சி மாறி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்து, அதற்கென்று தனி அலுவலகங்கள் திறந்தார்கள். அதில் ஒன்றுக்குத்தான் இராஜாங்கமும் ஒரு பழைய ஜீப்பும் அனுப்பப்பட்டார்கள். சட்டம் சென்னையில் நிறைவேறிவிட்டது. அது வயல்வரை வந்து சேர்வதற்கு நான்கு டயர்கள் தேவைப்பட்டன.

அந்த டயர்கள்தான் பிரச்சினை.

டயர் இருபதாயிரம் மைல் ஓடிய பிறகே மாற்றத் தக்கது என்பது விதி. இராஜாங்கம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு மனு எழுதிப் போட்டார். 'இருபதாயிரம் மைல் என்பது எந்த ரோட்டில் ஓடிய மைல் என்று தெரிவிக்கக் கோருகிறேன்.' பதினோரு வாரம் கழித்துப் பதில் வந்தது: 'வினா தெளிவாக இல்லை.'

வினா தெளிவாகத்தான் இருந்தது. தஞ்சாவூருக்குப் போகும் தார் ரோட்டில் ஓடிய மைலும், ஆற்றங்கரை மேல் கப்பி பெயர்ந்த பாதையில் ஓடிய மைலும் ஒன்றல்ல. இடப்பக்கத்து டயர்கள் மட்டும் ஏன் வெளி ஓரத்தில் சீக்கிரம் தேய்கின்றன என்று அவர் ஒரு வருஷம் கவனித்தார். பட்டறைக்காரர் சக்கரம் கோணலாக இருக்கிறது என்றார். இராஜாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. எதிரே பஸ் வரும்போதெல்லாம் ஜீப்பின் இடது சக்கரங்கள் சாலையை விட்டுச் சரளையில் இறங்குவதை ஒருநாள் முழுக்க எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று தடவை. தனியார் பஸ்ஸுக்கு அரசாங்கம் ஒதுங்கி ஒதுங்கித் தேய்கிறது என்று முடிவுக்கு வந்தார். அதை எழுத்தில் கொடுக்க வேண்டாம் என்று தலைமை எழுத்தர் மங்களாம்பிகை கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் கொடுக்கவில்லை.

மைலை நம்ப முடியாது என்றான பிறகு டயர் தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இராஜாங்கம் ஒரு வழி வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் சில நெல்மணிகள் இருக்கும். காலையில் ஜீப்பை எடுக்கும் முன் ஒவ்வொரு டயர் அருகிலும் குந்துவார். டயரில் புடைத்து நிற்கும் கட்டைகளுக்குப் பட்டன் என்று பெயர். பட்டனுக்குப் பட்டன் இடையில் ஓடும் பள்ளத்தில் ஒரு நெல்லைப் படுக்க வைத்து, மேலே பெருவிரலால் தடவுவார். விரலுக்கு நெல் தட்டுப்படாவிட்டால் டயர் நல்ல டயர். தட்டுப்பட்டால் மழையில் எடுக்கக் கூடாது. நெல் கண்ணுக்கே மேலே தெரிந்தால் மாற்ற வேண்டும். ஒரு டயருக்கு நான்கு இடம், நான்கு டயருக்குப் பதினாறு இடம். அலுவலகத்துக்கு வரும் ஜனங்கள் முதலில் ஏதோ பூஜை என்று நினைத்தார்கள். செங்கொடி கட்டினவன் ஜீப்புக்கு நெல் போட்டுக் கும்பிடுகிறான் என்று கொஞ்ச நாள் பேச்சிருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், ஜீப் பதினேழாயிரத்து நானூறு மைல் ஓடியிருந்தபோது, நெல் விரலுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. மழையும் ஆரம்பித்தது.

அலுவலகத்திலிருந்து பதினான்கு மைல் தள்ளி ஆலங்கரை என்கிற ஊர். அதில் பதினோரு மைல் தார் ரோடு. கடைசி மூன்று மைல் ஆற்றங்கரை மேல் போகும் களிமண் பாதை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். அந்த ஊரில் எல்லையம்மாள் என்கிற விதவை ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்தாள். அவள் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற மனு போட்டிருந்தாள். அது குத்தகையே இல்லை, தன் சொந்தச் சாகுபடி என்றது நிலத்துக்குச் சொந்தமான பண்ணை. பயிர் நிற்கும்போது அதிகாரி வந்து பார்த்து, வரப்பில் வைத்தே அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம் வாங்கினால், உழுதது யார் என்று எழுதிவிடலாம். பயிர் போய்விட்டால் அவள் பேச்சுக்கு எதிராகப் பண்ணையின் பேச்சுதான் மிஞ்சும். முதல் தடவை அதிகாரி வர வேண்டிய நாளில் ஜீப் பட்டறையில் இருந்தது. இரண்டாம் தடவை மழை பெய்து, இராஜாங்கம் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்க மறுத்துவிட்டார். மூன்றாவதாகக் குறித்த தேதி வருகிற புதன்கிழமை.

திங்கட்கிழமை காலை எல்லையம்மாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நேராக ஜீப்புக்குத்தான் போனாள். இராஜாங்கம் பின் சக்கரத்தடியில் குந்தியிருந்தார்.

"டிரைவர் தம்பி, வண்டிக்கு இன்னிக்கு ஒடம்பு எப்புடி இருக்கு?"

"இருக்குங்கம்மா. டயருதான் கொஞ்சம்..."

"நெல்ல வச்சு நாடி பாக்குறியாமே. எங்கூருல எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்மா."

"சிரிச்சுட்டுப் போகட்டும். எங்க வயல்ல அஞ்சு மா நெல்லு நிக்கிது. அத வந்து பாருன்னா மாட்டேங்கிற. ஒன் பையில இருக்குற நாலு மணிய மட்டும் தெனம் எடுத்து எடுத்துப் பாக்குற."

இராஜாங்கம் எழுந்து நின்றார்.

"வியாழக்கெழம அறுக்குறதுக்குப் பண்ணையில வெளியூரு ஆளாச் சொல்லிவச்சாச்சு" என்றாள் எல்லையம்மாள். "புதன்கெழம நீங்க வல்லைன்னா அப்பறம் வரவே வேணாம். வெறும் தாளடியப் பாக்குறதுக்கு ஜீப்பு எதுக்கு?"

அவள் உள்ளே போனாள். தனி தாசில்தார் குஞ்சிதபாதம் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். விதியை மீற மாட்டார் என்பதால் யாருக்கும் சரி என்றும் சொல்ல மாட்டார். எல்லையம்மாளிடம் ஆகட்டும் என்றார். பிறகு இராஜாங்கத்தைக் கூப்பிட்டார்.

"புதன்கிழமை போறோம்யா."

"மழ பெஞ்சா போக முடியாது சார். டயர் போயிருச்சு."

"போகலையே. இன்னும் ரெண்டாயிரத்து அறுநூறு மைல் இருக்கே."

"அது நோட்டுல இருக்கு சார். டயர்ல இல்ல."

"நான் பஸ்ஸுல போயிடட்டுமா?"

அடுத்த மேசையிலிருந்து மங்களாம்பிகை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "மூலப் பதிவேடு போகணும் சார். அதைப் பொது வண்டியில கொண்டுபோகக் கூடாது. இரும்புப் பெட்டியில வச்சு, துறை வாகனத்துல, அலுவலர் கூடவே போகணும்."

"மாட்டு வண்டி?"

"ஆலங்கரையில ஓடுற மாட்டு வண்டி ரெண்டும் பண்ணையோட வண்டி சார்" என்றார் இராஜாங்கம்.

குஞ்சிதபாதம் மின்விசிறியைப் பார்த்தார். மங்களாம்பிகை இப்போது தலையை நிமிர்த்தினாள். "டயர் போயிடுச்சுன்னு இவர் எதை வச்சு சொல்றார்னு கேளுங்க சார். ஒரு நெல்லை வச்சு! அது எந்த நெல்லு?"

"எங்க வீட்டு நெல்லுதாம்மா."

"அதைத்தான் கேக்கறேன். என்ன ரகம்?"

இராஜாங்கம் எத்தனையோ கேள்வி கேட்டவர், இந்தக் கேள்வியை மட்டும் கேட்டதில்லை. பையிலிருந்து ஒரு மணியை எடுத்துப் பார்த்தார். குட்டையாக, குண்டாக இருந்தது. "ஆடுதுறை இருபத்தேழும்மா. கூலிக்கு அதத்தானே அளக்குறாங்க."

"நாளைக்கு எங்க வீட்டு நெல்லு கொண்டுவரேன்" என்றாள் மங்களாம்பிகை.

அவளுடைய வீடு சுவாமிமலைப் பக்கம். அப்பாவுக்குப் பன்னிரண்டு ஏக்கர். விற்பதற்கு எதைப் போட்டாலும் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சீரகச் சம்பா தனியாகப் போட்டுவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு காகிதத்தை மடித்துக் கொண்டுவந்து ஜீப் அருகில் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஐந்து மணி. சீரகத்தைப் போலவே மெலிசாக இருந்தன. இராஜாங்கம் ஒன்றை எடுத்து இடது பின் டயரின் பள்ளத்தில் படுக்க வைத்துத் தடவினார். இன்னொரு இடத்தில் வைத்துத் தடவினார். மூன்றாவது இடத்திலும்.

"தட்டுப்படுதா?"

"இல்லம்மா."

"அப்ப டயர் நல்லாருக்கு."

குஞ்சிதபாதம் கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டு வந்து குந்தினார். அவரும் தடவிப் பார்த்தார். முதலில் குண்டு நெல், பிறகு சன்ன நெல். மறுபடி குண்டு நெல். தினமும் ஐம்பது பேரின் வழக்கைக் கேட்கிற மனிதர், இரண்டு சாட்சிகள் இவ்வளவு நேர்மையாக முரண்படுவதை அன்றுதான் பார்த்தார்.

"ஆக, டயர் இருக்கா, போச்சா?"

"எங்க வீட்டு நெல்லுக்குப் போச்சு சார். அம்மா வீட்டு நெல்லுக்கு இருக்கு."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரகம் இல்லையாய்யா?"

"கிச்சிலி இருக்குங்க சார். அதுக்குக் கிச்சிலி சாப்புடுற ஆளத் தேடணும்."

மங்களாம்பிகைக்கும் சிரிப்பு வந்தது. இராஜாங்கத்துக்கு வரவில்லை. அவர் இரண்டு மணிகளையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு ஒருவராக இருந்தால், அரசாங்க ஜீப்பின் டயர் ஆயுளைக்கூட மிராசு வீட்டுச் சோறுதான் தீர்மானிக்கிறது என்று சங்கத்தில் போய்ப் பேசியிருப்பார். இராஜாங்கத்தைக் குடைந்தது வேறு. மங்களாம்பிகை கேட்டது நியாயமான கேள்வி. நெல் டயரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை; பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு ஆழம் போதும் என்பதை அவராகத்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தார், அதுவும் தம் வீட்டுக் குதிரிலிருந்து. அந்தத் தீர்மானத்தில் ஒரு தடவை எல்லையம்மாளின் தேதி போயிருந்தது.

பக்கத்துக் கட்டடம் விவசாய ஆபீஸ். அங்கே இதே மாதிரி ஜீப் ஒன்று உண்டு; இரண்டு வாரத்துக்கு முன்தான் நான்கு டயரும் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் சாமிதுரை இராஜாங்கத்தின் நண்பர், அதாவது இராஜாங்கத்தின் கேள்விகளுக்கு ஓடி ஒளியாத ஒரே ஆள். மதியம் ஒரு நல்ல மழை பெய்து விட்டது. இராஜாங்கம் அவரைப் போய்க் கூப்பிட்டார்.

"துரை, ஒன் வண்டியக் கொஞ்சம் எடு. பிரேக் அடிக்கணும்."

"யாரு மேல?"

"யாரு மேலயும் இல்லப்பா. ரோட்டு மேல."

அலுவலகத்துக்கு முன்னால் தார் ரோடு நேராகப் போகும். இராஜாங்கம் ஒரு மைல்கல்லைக் குறி வைத்தார். முப்பது மைல் வேகத்தில் வந்து, கல்லுக்கு நேராகப் பிரேக்கை மிதிப்பது. வண்டி நின்ற இடத்தைக் கால் தப்படியால் அளப்பது. சாமிதுரையின் ஜீப் இருபத்தாறு தப்படியில் நின்றது. இராஜாங்கத்தின் ஜீப் நாற்பத்தொரு தப்படியில் நின்றது, கொஞ்சம் குறுக்காக. மறுபடி செய்தார்கள். இருபத்தைந்து, நாற்பத்து மூன்று. டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. மங்களாம்பிகை வராந்தாவில் குடையோடு நின்றாள்.

"பாத்துக்கங்கம்மா" என்று இராஜாங்கம் அங்கிருந்தே கத்தினார். "சன்ன நெல்லு சொன்னது தப்பு!"

"இது தார் ரோடு! நீங்க வர மாட்டேன்னது கரைப் பாதைக்கு!" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள்.

அதுவும் நியாயம். தார் ரோட்டில் அவர் மழையிலும் பல தடவை போயிருக்கிறார்; களிமண்ணுக்குத்தான் பயந்தார். அலுவலகத்தின் பின்னால் வாய்க்கால் கரை மேல் ஒரு களிமண் பாதை உண்டு. முதலில் இராஜாங்கம் போனார். பத்து மைல் வேகத்தில் பிரேக்கை மிதித்ததும் ஜீப் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்ததுபோல் வழுக்கிக்கொண்டு போய், ஒரு தென்னையின் அருகே பயந்து நின்றது. எதிர்பார்த்ததுதான். அடுத்து சாமிதுரை, புது டயரோடு. அவர் பிரேக்கை மிதித்தார். அந்த ஜீப்பும் அதே மாதிரி வழுக்கியது. தென்னையைத் தாண்டியது. கரையை விட்டுச் சரிந்து, பக்கத்து வயலில் போய் இறங்கி நின்றது.

"விவசாய ஆபீசு வயல்ல எறங்கிருச்சுடோய்!" என்று டீக்கடைக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "இந்த வருசத்துல இன்னிக்குத்தான்!"

சாமிதுரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "ஏன்டா ராஜாங்கம், நான் ஒனக்கு என்னடா பாவம் செஞ்சேன்?"

இராஜாங்கம் அவரைப் பார்க்கவே இல்லை. முழங்கால்வரை சேற்றில் இறங்கிப் போய்ப் புது டயரைத் தடவிப் பார்த்தார். பள்ளம் எதுவும் இல்லை. ஆழமான, கறுப்பான, கடைக்காரர் காட்டிப் பெருமைப்படுகிற பள்ளங்கள் அத்தனையிலும் களிமண் அடைத்து, பானை மாதிரி வழவழவென்று இருந்தது. திரும்பி வந்து தம் டயரைத் தடவினார். அதுவும் பானைதான்.

வராந்தாவுக்கு வந்து, காலைக் கழுவாமலே மங்களாம்பிகையிடம் சொன்னார்:

"களிக்குப் புதுசும் பழசும் ஒண்ணாம்மா. ரெண்டும் மொட்ட."

"அப்ப உங்க நெல்லு சொன்னதும் தப்பு."

"ரெண்டு நெல்லும் பாதிப் பாதி தப்பும்மா." காலில் ஒட்டிய களியை விரலால் வழித்துப் பார்த்தார். "அன்னைக்கு டயர் புதுசா இருந்திருந்தா நான் சரின்னு எடுத்திருப்பேன். சாரையும் பெட்டியையும் ஏத்திக்கிட்டு நேரா ஆத்துக்குள்ள போயிருப்பேன்."

சாமிதுரையின் ஜீப்பை வெளியே தூக்கப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தபோதும் இராஜாங்கம் அந்த வழவழப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை விடியும்போதே தூறிக்கொண்டிருந்தது. குஞ்சிதபாதம் குடையோடு வந்து வானத்தைப் பார்த்தார். தேதியைத் தள்ளி வைக்கும் கடிதத்தை மங்களாம்பிகையிடம் எழுதச் சொல்லிவிடலாம் என்ற நிம்மதி அவர் முகத்தில் வர ஆரம்பித்திருந்தது. இராஜாங்கம் இரும்புப் பெட்டியை ஏற்கனவே ஜீப்பில் ஏற்றியிருந்தார்.

"என்னய்யா, டயர் போச்சுன்னியே?"

"போச்சுதான் சார். ஏறுங்க."

பதினோரு மைலும் பத்து மைல் வேகத்துக்கு மேல் அவர் போகவில்லை. இடையிடையே அதற்கும் குறைவு. சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர்கள் மணியடித்து முந்திக்கொண்டு போனார்கள். எதிரே பஸ் வந்தால் நூறு தப்படிக்கு முன்பே ஓரம் கட்டி நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒரு பஸ்ஸின் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கேட்டார்: "என்னண்ணே, ஜீப்ப ஓட்டுறீங்களா, மேய்க்கிறீங்களா?"

குஞ்சிதபாதத்துக்கு அவமானமாக இருந்தது. "கொஞ்சம் அழுத்துய்யா. அரசாங்க வண்டின்னு ஒரு மரியாதை வேணாமா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் போன வைக்கோல் வண்டியின் மாடு ஒன்று திடீரென்று படுத்துவிட்டது. இராஜாங்கம் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார். ஜீப் வழுக்கிக்கொண்டே போய், வைக்கோலுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. இருபது மைல் வேகத்தில் வந்திருந்தால் அதிகாரியின் மடியில் வைக்கோல் இருந்திருக்கும். குஞ்சிதபாதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு மரியாதையைப் பற்றிப் பேசவில்லை.

தார் ரோடு முடிகிற இடத்தில் இராஜாங்கம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முன்னால் கரைப் பாதை. செந்நிறமாக, ஈரமாக, ஒரு சக்கரத் தடமும் இல்லாமல் கிடந்தது. இடப்பக்கம் ஆறு கரை தொட்டு ஓடியது.

"ஏன் நின்னுட்டே?"

"இதுக்கு மேல வண்டி போகாது சார்."

"நேத்துப் பூரா டயர் டயர்னு என் உயிரை வாங்கினியேய்யா! ஆராய்ச்சி பண்ணினே, இன்னொரு ஆபீஸ் ஜீப்பை வயல்ல தள்ளினே. கடைசியில என்னதான் கண்டுபுடிச்சே?"

"தாருன்னா மெதுவா போகணும் சார். களின்னா எறங்கணும்."

"அப்ப புது டயர் வந்தா?"

"தாருல கொஞ்சம் சுருக்கா போகலாம். இங்க வந்ததும் எறங்கணும்."

குஞ்சிதபாதம் பாதையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், தம் பூட்ஸைப் பார்த்தார். மூன்று மைல். அலுவலர் நடந்து போகலாமா என்பதற்கு விதி எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கூடாது என்பதற்கும் ஞாபகம் வரவில்லை. கேட்க மங்களாம்பிகையும் பக்கத்தில் இல்லை.

பிறகு நடந்தவற்றில் காகிதத்தில் உள்ளவை இவை. ஆலங்கரைக் கோப்பில், 'அலுவலர் நேரில் சென்று விளைந்து நிற்கும் பயிரைப் பார்வையிட்டு, ஆறு பேரிடம் வாக்குமூலம் பெற்றார்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எப்படிச் சென்றார் என்று இல்லை. எல்லையம்மாளின் பெயர் பதிவேட்டில் ஏறியது. பண்ணை மேல்முறையீடு செய்தது. வழக்கு ஒன்பது வருஷம் நடந்தது. ஒன்பது வருஷமும் அவள்தான் அறுத்தாள். ஜீப்பின் ஓட்டப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே ஒரு சிவப்பு மைக் குறி. அரசாங்க வாகனத்தைச் சாலையோரத்தில் ஆளில்லாமல் ஐந்து மணி நேரம் விட்டுச் சென்றது ஏன் என்று இராஜாங்கத்திடம் விளக்கம் கேட்டார்கள். கேட்ட கடிதத்தைத் தயாரித்தவள் மங்களாம்பிகை. அதற்கு இராஜாங்கம் கொடுத்த பதிலை எழுதிக் கொடுத்தவளும் அவளே.

டயர்கள் இருபதாயிரத்து ஆறாவது மைலில் மாற்றப்பட்டன. அதுவரை மழை நாளில் பத்து மைல் வேகம்தான். அதன் பிறகு இராஜாங்கம் சட்டைப் பையில் இரண்டு ரகமும் வைத்துக்கொண்டார். ஐப்பசி முதல் மார்கழி வரை குண்டு நெல்லின் தீர்ப்பு. மற்ற மாதங்களில் சன்ன நெல்லின் தீர்ப்பு. சீரகச் சம்பா தீர்ந்துபோனால் மங்களாம்பிகை நாலு மணி கொண்டுவந்து தருவாள். கரைப் பாதைக்கு மட்டும் அவர் எந்த நெல்லையும் வைத்துப் பார்ப்பதில்லை. ஓய்வுபெறும்வரை அவருடைய நடத்தை வரியை யாரும் திருத்தவில்லை.

அந்தப் புதன்கிழமை இராஜாங்கம் ஜீப்பைப் பூட்டி, குஞ்சிதபாதத்தின் பூட்ஸ் இரண்டையும் நாடாவால் கட்டித் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பதிவேட்டுப் பெட்டியைத் தலையில் வைத்து, அவர் கையைப் பிடித்து மூன்று மைல் களிமண்ணில் ஆலங்கரைக்கு நடத்திக் கூட்டிப் போய், வேலை முடிந்ததும் அதே மாதிரி திருப்பிக் கூட்டி வந்தார்.